தெல்லிப்பழைக்குப் போகுமுன்: வன்னி நோயாளிக்கு எந்தத் துணைக்கருவி முதலில்?

கான்சர் என்று உறுதியான பிறகு வன்னிக் குடும்பங்கள் எடுக்கிற முடிவுகளில் பெரும்பாலானவை டொக்டரின் அறைக்குள் எடுக்கப்படுவதில்லை. அறைக்குள் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அங்கே எல்லாரும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். பிறகு ஏ9 வீதி நெடுகப் பஸ்ஸில் பேசி, வீட்டு விறாந்தையில் பேசி, இரவில் கனடாவிலோ சுவிஸிலோ இருக்கிற தம்பியோடு ஃபோனில் பேசி, அதற்குப் பிறகுதான் என்ன செய்வது என்பது முடிவாகும். அந்தப் பேச்சில் நோயாளி பல வேளைகளில் இருப்பதே இல்லை. "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ டொக்டர், தாங்கமாட்டா" என்று மகன் முதலே சொல்லி வைத்திருப்பார். அம்மா குசினிக்குள் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருப்பா. எல்லாம் அவவுக்குத் தெரிந்துதான் இருக்கும்.

கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் கொழும்புப் பக்கம் உள்ள மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் ஆட்களோடு கூடப் போய்வருகிற ஒருத்தி என்ற முறையில் இதை எழுதுகிறேன். சிகிச்சை முடிவுகளில் நோயாளியையும் சேர்த்துக்கொள்ள உதவும் துணைக்கருவிகள் பற்றி இப்போது நம்மவர்களும் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் "ஒரு செயலி செய்து தரட்டோ" என்று கேட்கிறார்கள். நல்ல மனம் அது. ஆனால் செய்யக்கூடியவை பல, கையில் உள்ள ஆளும் காசும் கொஞ்சம். எதை முதலில் செய்வது? அச்சிட்ட தெரிவுத்தாள், கேள்விப் பட்டியல், கணினிக் கணிப்பான், டொக்டர் பேசுவதை ஒலிப்பதிவு செய்தல், கூட இருந்து பேசப் பயிற்றப்பட்ட ஒருவர் என்ற ஐந்தையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்திருக்கிறேன். என் அளவுகோல் ஒன்றுதான்: அந்தக் கருவி விறாந்தைப் பேச்சு வரைக்கும் வந்து சேருமா?

முதலில், எது துணைக்கருவி எது இல்லை என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "மார்பகப் புற்றுநோய் என்றால் என்ன" என்று நோயை விளக்கும் கையேடு இந்த வகையில் சேராது. துணைக்கருவி என்பது உங்களுக்கு முன்னால் உள்ள வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும். ஒவ்வொன்றாலும் கிடைக்கிற நன்மை என்ன, வரக்கூடிய கஷ்டம் என்ன, நூறு பேரில் எத்தனை பேருக்கு அது வரும் என்று சொல்லும். சிகிச்சை எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காது. கடைசியில் "இதில் உங்களுக்கு எது முக்கியம்" என்று கேட்கும். இப்படிப்பட்ட கருவி எப்படி இருக்க வேண்டும் என்று நியமங்கள் வகுக்க 2003இல் ஒரு சர்வதேசக் குழு தொடங்கியது. ஆய்வுகளும் குறைவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2024இல் வெளியிட்ட மீளாய்வு 209 ஆய்வுகளை, ஒரு இலட்சத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களை, சேர்த்துப் பார்த்தது. கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு விஷயம் கூடத் தெரிந்திருந்தது, ஆபத்தைச் சரியாக அளந்தார்கள், தங்களுக்கு முக்கியமானதோடு ஒத்துப்போகிற முடிவை எடுத்தார்கள். டொக்டர்கள் பயப்படுகிற நேர விரயமும் பெரிதாக இல்லை. அறைக்குள் வைத்துப் பயன்படுத்தினால் சராசரியாக ஒன்றரை நிமிடம் கூடியது, முன்கூட்டியே வீட்டில் பார்த்துவிட்டு வந்தால் நேரம் கூடவேயில்லை. இந்தக் கடைசி வரி நமக்கு நல்ல செய்தி. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் வசதியான நாடுகளில் நடந்தவை என்பதையும் மறக்கக்கூடாது.

தெரிவு உண்மையிலேயே இருக்கிற இடங்கள்

எல்லாக் கான்சரிலும் தெரிவு இருக்கிறது என்று காட்டுவது பிழை. சடுதியாக வருகிற இரத்தப் புற்றுநோயில் உடனே சிகிச்சை தொடங்க வேண்டும். அங்கே தாளை விரித்துவைத்து யோசிக்க நேரம் இல்லை. நம் பகுதியில் வெற்றிலை, புகையிலையால் வருகிற வாய்ப் புற்றுநோயிலும் பெரும்பாலும் சத்திரசிகிச்சைதான் முதல் வழி. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது அதுதான் என்பதால் அதற்கு விளக்கம் கட்டாயம் வேண்டும், ஆனால் தெரிவுத்தாள் முதலில் அதற்கு இல்லை.

பெண்களுக்கு அதிகம் வருவது மார்பகப் புற்றுநோய். அது ஆரம்ப நிலையில் பிடிபட்டால் உண்மையான தெரிவு இருக்கிறது: மார்பை முழுதாக எடுப்பதா, கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கரண்ட் பிடிப்பதா, அதாவது கதிர்ச் சிகிச்சை எடுப்பதா? இத்தாலியின் மிலான் நகரில் 1973இல் தொடங்கி 701 பெண்களிடம் செய்த ஆய்வும், அமெரிக்காவில் 1976இல் தொடங்கி 1851 பெண்களிடம் செய்த ஆய்வும் இருபது வருடம் தொடர்ந்து பார்த்துவிட்டு 2002இல் ஒரே பதிலைச் சொன்னன. உயிர் பிழைப்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

ஆனால் அமெரிக்க ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. வன்னிக்கு அதுதான் உயிரான எண். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்ச் சிகிச்சையும் எடுத்தவர்களில் நூறு பேருக்கு 14 பேரளவில் அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர் எடுக்காதவர்களில் 39 பேர். இன்றைய மருந்துகளோடு இரண்டு எண்ணும் குறையும், இடைவெளி இல்லாமல் போகாது. இனி நம் நிலைமையை யோசியுங்கள். கதிர்ச் சிகிச்சை என்றால் வழமையாக மூன்று வாரம், கிழமை நாட்களில் தினமும். ஒரு வாரத்தில் ஐந்து தடவையாகக் கொடுத்து முடிக்கலாம் என்று 2020இல் ஒரு பெரிய பிரித்தானிய ஆய்வு காட்டியது, ஆனால் யாருக்கு அது பொருந்தும், எங்கே செய்கிறார்கள் என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். ஒட்டுசுட்டானிலிருந்து மூன்று வாரம் தினமும் போய்வர ஏலாது. தங்க இடம் வேண்டும். வயலில் அறுவடை நடக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். கணவர் இல்லாத வீடாக இருந்தால், 2009க்குப் பிறகு அப்படிப்பட்ட வீடுகள் இங்கே எத்தனையோ, கேட்கவே வேண்டாம். மார்பைக் காப்பாற்றவென்று கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, பிறகு கதிருக்குப் போகாமல் விட்டுவிட்டால், அந்தப் பெண் 14இல் இருந்து 39க்குப் போகிறா. இதை ஒப்பரேசனுக்கு முன்னால் யாராவது அவவோடு இருந்து சொல்லியிருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. "முழுசா எடுத்துப்போட்டா அலைச்சல் இல்லை" என்று அண்ணன்மார் முடிவு கட்டிவிடுவார்கள். அக்குள் நிணநீர்க் கணுக்களில் நோய் இருந்தால் முழுதாக எடுத்த பிறகும் கதிர் தேவைப்படலாம். அலைச்சலுக்குப் பயந்து மார்பைக் கொடுத்தவ அலையவும் வேண்டி வரும்.

மற்றத் தெரிவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குரல்வளைப் புற்றுநோயில் 1991இல் வெளிவந்த ஒரு ஆய்வில் 332 பேர் இருந்தார்கள். கீமோவும் கதிரும் எடுத்த பக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் குரல்வளையைக் காப்பாற்றிக்கொண்டார்கள், இரண்டு வருட உயிர்பிழைப்பு இரு பக்கமும் ஒன்றாகவே இருந்தது. கோயிலில் தேவாரம் பாடுகிற ஒருவருக்கும், குரலை விட வேலைக்குச் சீக்கிரம் திரும்புவது பெரிதாக இருக்கிற ஒருவருக்கும் இதில் பதில் ஒன்றாக இராது. வயதானவர்களின் புரஸ்டேட் புற்றுநோயில் சில வேளை கவனித்துக்கொண்டு இருப்பதே ஒரு வழி. நோய் பரவிய பிறகு இன்னொரு சுற்றுக் கீமோ எடுப்பதா, வலியைக் கட்டுப்படுத்தி வீட்டில் இருப்பதா என்பது எல்லாவற்றிலும் கனமான தெரிவு. அதைத்தான் நாங்கள் அதிகம் பேசாமல் கடந்து போகிறோம்.

கணிப்பானும் செயலியும்

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுவது இது. பிரித்தானியாவில் உருவான பிரெடிக்ட் என்ற இணையக் கணிப்பானை உலகம் முழுக்கப் புற்றுநோய் நிபுணர்கள் பயன்படுத்துகிறார்கள், இலவசம். வயது, கட்டியின் அளவு, தரம், நோய் ஏறிய கணுக்களின் எண்ணிக்கை, ஹோர்மோன் ஏற்பி, ஹெர்2 என்ற புரதம் பற்றிய சோதனை முடிவுகள் எல்லாம் கொடுத்தால், இப்படிப்பட்ட நூறு பெண்களில் பத்து வருடத்துக்குப் பிறகு எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள், ஹோர்மோன் மாத்திரை எத்தனை பேரைக் கூடக் காப்பாற்றும், கீமோ அதற்கு மேல் எத்தனை பேரை என்று காட்டும். இதன் பெறுமதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கீமோவால் நூறில் இரண்டு பேருக்குத்தான் கூடுதல் நன்மை என்பதும் பத்துப் பேருக்கு என்பதும் வேறு வேறு கதை. அறுபத்தெட்டு வயது அம்மா ஒருத்திக்கு அந்த எண் தெரிந்தால் பேச்சே மாறும்.

ஆனால் இதன் முதல் வடிவம் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் 1999 முதல் 2003 வரை நோய் கண்டறியப்பட்ட 5694 பெண்களின் தரவில் கட்டப்பட்டது. மலேசியப் பெண்களிடம் சோதித்துப் பார்த்தபோது நாற்பது வயதுக்குக் குறைந்தவர்களின் உயிர்பிழைப்பை அது கூட்டிக் காட்டியது. இங்கிலாந்துப் பெண்ணுக்கு மருந்து நாள் தவறாமல் கிடைக்கும், பஸ் இல்லாததால் கிளினிக் திகதி தவறிப்போகாது. அந்த எண்ணை அப்படியே வன்னிப் பெண்ணின் கையில் கொடுப்பது நியாயமில்லை. அதோடு, உள்ளிட வேண்டிய விபரம் எல்லாம் ஆங்கிலத்தில் உள்ள நோயியல் அறிக்கையில் இருக்கிறது. மகன் அதைத் தட்டச்சுச் செய்து, ஒரு இலக்கம் பிழைத்து, இரவு பதினொரு மணிக்கு ஒரு வீதத்தைப் பார்த்துவிட்டுத் தூங்காமல் இருப்பது யாருக்கும் உதவாது.

நாமே ஒரு செயலி செய்தால்? செய்வது கஷ்டமில்லை, வைத்துக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். அமெரிக்காவில் ஒரு காலத்தில் புற்றுநோய் நிபுணர்கள் பலரும் நம்பிப் பயன்படுத்திய அட்ஜுவன்ட் ஒன்லைன் என்ற கணிப்பானே புதுப்பிக்கப்படாமல் நின்றுபோனது. அவ்வளவு வளம் உள்ள இடத்தில் அப்படி என்றால், ஒரு நலன்விரும்பிக் குழுவின் செயலி மூன்று வருடத்துக்குப் பிறகு பழைய தகவலைச் சொல்லிக்கொண்டிருக்கும். பழைய தகவல் சொல்லும் கருவி இல்லாத கருவியை விட மோசம். கணிப்பான் டொக்டரின் மேசையிலேயே இருக்கட்டும். அவர் பார்த்து, நம் நிலைமைக்குத் திருத்தி, எண்ணை வாயால் சொல்லித் தாளில் எழுதட்டும்.

காணொளி நன்றாக இருக்கும், எழுத்து வாசிக்காதவர்களுக்கும் சேரும். ஒரு இலக்கம் மாறினால் முழுவதையும் திரும்ப எடுக்க வேண்டும் என்பதால் முதல் வருடத்துக்கு அதை நான் தள்ளிவைப்பேன்.

ஒலிப்பதிவு

டொக்டர் சொல்வதில் நாற்பது முதல் எண்பது வீதம் வரை நோயாளிக்கு உடனே மறந்துபோகிறது என்று 2003இல் ஒரு மருத்துவ இதழ்க் கட்டுரை கணக்குச் சொன்னது. அறைக்கு வெளியே வந்து "என்னவாம்?" என்று கேட்டால் கிடைக்கிற பதிலைக் கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. "ஒப்பரேசனாம். பிறகு மருந்தாம். பயப்பிட ஒண்டும் இல்லையாம்." பத்து நிமிடப் பேச்சில் மிஞ்சுவது அவ்வளவுதான்.

ஃபோன் எல்லாரிடமும் இருக்கிறது. டொக்டரிடம் கேட்டுவிட்டு அவர் பேசுவதைப் பதிவு செய்தால் செலவு ஒரு சதமும் இல்லை. புற்றுநோய் நோயாளிகளுக்குப் பதிவு கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்த 2008ஆம் ஆண்டு மீளாய்வில் பெரும்பாலானோர் அதைத் திரும்பக் கேட்டதாகவும் விஷயம் கூட நினைவில் நின்றதாகவும் தெரிந்தது. நம் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு பெரிய நன்மை உண்டு: கனடாவில் இருக்கிற தம்பி, இங்கே உள்ள மகன் வாயால் சொல்கிற சுருக்கத்தைக் கேட்காமல், டொக்டரின் குரலையே கேட்பார். செலவுக்குக் காசு அனுப்புகிறவர் முடிவிலும் குரல் வைத்திருக்கிறார், அது பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நடப்பதுதான். அவர் சரியானதைக் கேட்பது நல்லது.

இடைஞ்சல்கள் உண்டு. மகரகமவில் டொக்டர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசினால் பதிவு வீட்டில் விளங்காது, ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். சில டொக்டர்கள் பதிவை விரும்ப மாட்டார்கள், வற்புறுத்தக்கூடாது. வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்பியது பத்துப் பேருக்குப் போகும், ஊருக்குள் பரவும். இன்னொன்று: பதிவில் இருப்பது டொக்டர் சொன்னது மட்டும். அவர் ஒரு வழியைத்தான் சொன்னார் என்றால் பதிவிலும் ஒரு வழிதான் இருக்கும். இதனால் இதைத் துணைக்கு வைக்கிறேன், தனியாக இல்லை.

ஒரு ஆள்

நல்ல ஆள் ஒருவர் கூட இருந்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்பதுதான் எல்லாருடைய முதல் எண்ணம், என்னுடையதும். முடிவெடுக்க உதவும் பயிற்சியாளர்கள் பற்றி 2021இல் வந்த கொக்ரேன் மீளாய்வு 28 ஆய்வுகளைப் பார்த்தது. பலன் இருக்கலாம், ஆனால் சான்று பலமாக இல்லை என்பதுதான் அதன் முடிவு. அதை மதித்துத்தான் இதைப் பார்க்க வேண்டும்.

யார் அந்த ஆள்? வீடு வீடாகப் போகிறவர் குடும்பநல உத்தியோகத்தர். சுகவனிதையர் கிளினிக்கில் பெண்களோடு பேசிப் பழகியவர், நம்பிக்கை உண்டு. ஆனால் கர்ப்பிணிகள், குழந்தைகள், நிறை பார்த்தல், தடுப்பூசி என்று அவருக்கு ஏற்கனவே முதுகு முறிகிற வேலை. அவருடைய மோட்டார் சைக்கிள் ஒரு வீட்டு வாசலில் அடிக்கடி நின்றால் ஊருக்குக் கதை தெரிந்துவிடும் என்றும் சில குடும்பங்கள் பயப்படும். நோயைக் கடந்து வந்த பெண்கள் இன்னொரு வழி. அவர்களுடைய பேச்சுக்கு இருக்கிற ஆறுதல் வேறு எதற்கும் இல்லை. ஆனால் "நான் முழுசா எடுத்தனான், இப்ப பாருங்கோ நல்லா இருக்கிறன், நீங்களும் எடுங்கோ" என்று சொல்லிவிடுவார்கள். அன்பால் சொல்வதுதான், ஆனால் அடுத்தவரின் முடிவை இழுத்துக்கொண்டு போய்விடும். கிளினிக் தாதிகள்தான் இதற்குச் சரியான ஆட்கள் என்பது என் எண்ணம். நோயும் தெரியும், நோயாளியின் பயமும் தெரியும். தேவையானது ஒரு சின்னப் பயிற்சி: எது நல்லது என்று சொல்லாமல், எது உங்களுக்கு முக்கியம் என்று கேட்கிற பயிற்சி. அதோடு, "நான் சொன்னதை உங்கட வாயால ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்டு, விளங்கியதா எனப் பார்க்கிற பழக்கம். இது மாதக்கணக்கில் வளர்கிற வேலை. தொடங்க வேண்டும், ஆனால் அது முடியும்வரை மற்றதை நிறுத்தி வைக்கக்கூடாது.

தாளும் கேள்வியும்

நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். ஒரு ஏ4 தாள். முன்பக்கம் இரண்டு வழிகள் பக்கத்தில் பக்கத்தில். பின்பக்கம் கேள்விகள். கிளினிக் கொப்பிக்குள் ஒட்டி வைக்கலாம். கொப்பி வீட்டுக்குப் போகும், தாளும் போகும். விறாந்தையில் மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசிப்பார், குசினிக்குள் இருக்கிறவவுக்கும் கேட்கும். மின்சாரம் வேண்டாம், டேட்டா வேண்டாம். இலக்கம் மாறினால் புதுத் தாள் அடிக்கலாம்.

கேள்விப் பட்டியலுக்குத் தனியாகவே நல்ல சான்று உண்டு. அவுஸ்திரேலியாவில் 2001இல் வெளிவந்த ஆய்வில், பட்டியலை டொக்டரும் கையில் எடுத்து அதன்படி பேசியபோது நோயாளியின் பதற்றம் குறைந்தது, சொன்னது நினைவில் நின்றது, பேசும் நேரமும் குறைந்தது. டொக்டர் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அந்தப் பலன் இல்லை. நம் ஊரில் இதன் அர்த்தம், டொக்டர் முதலில் "உங்கட தாளைக் காட்டுங்கோ, என்ன கேள்வி வைச்சிருக்கிறியள்" என்று கேட்க வேண்டும். "நாங்கள் என்னத்தைக் கேக்கிறது, நீங்களே பார்த்துச் செய்யுங்கோ" என்று பழகிய சனம் தானாகக் கேட்காது. கேட்டால் டொக்டர் கோபிப்பார் என்ற பயம் உண்மையான பயம். டொக்டரே கேட்கச் சொன்னால் அது போய்விடும்.

பின்பக்கத்தில் முதல் மூன்று கேள்விகள் அவுஸ்திரேலியர்களே சோதித்துப் பார்த்தவை: எனக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன? ஒவ்வொன்றிலும் நன்மை தீமை என்ன? எனக்கு அவை வரக்கூடிய வாய்ப்பு எவ்வளவு? மற்றக் கேள்விகளை நாம்தான் எழுத வேண்டும், ஏனென்றால் வன்னி உடம்புக்கு என்று சில கேள்விகள் இருக்கின்றன.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா. கடைசி யுத்தத்தில் இடது கால் போனது. இடது கக்கத்தில் ஊன்றுகோலை வைத்துத்தான் நடப்பா, கிணற்றடிக்கும் கோழிக்கூட்டுக்கும் கடைக்கும். நோய் வந்ததும் இடது மார்பில். அக்குள் கணுக்களை முழுதாக வழித்தெடுத்தால் ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிற பிரச்சினை வரும். எல்லாருக்கும் அது கஷ்டம்தான், இந்த அம்மாவுக்கோ அது நடையையே நிறுத்திவிடும். மூன்று பேர் கூடி மார்பை எடுப்பதா விடுவதா என்று பேசினார்கள், ஒருவரும் கக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. அவ தானாகச் சொல்லவில்லை, ஊன்றுகோல் எல்லாரும் பார்க்கிறதுதானே. வாட்டில் ஒரு தாதி, "ஒப்பரேசனுக்குப் பிறகு கட்டிலில இருந்து எப்பிடி அம்மா எழும்புவீங்கள்?" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. டொக்டர் திரும்ப வந்து கட்டில் ஓரத்தில் நின்று அக்குளைப் பற்றித் தனியாகப் பேசினார். "இந்தக் கையால் என்னென்ன வேலை செய்கிறீர்கள், எதை விட ஏலாது?" என்ற ஒரு வரி தாளில் இருந்திருந்தால் அது அன்றைக்குத் தற்செயலாக நடக்க வேண்டி இருந்திராது.

அதேபோல "உடம்பில் செல் துண்டு இருக்கிறதா, எங்கே?" என்ற வரி. யுத்தத்தில் வெடித்த எறிகணையின் துண்டைத்தான் சொல்கிறேன். எம்.ஆர்.ஐ ஸ்கான் செய்கிற இடத்தில் உலோகத் துண்டு ஆபத்து. இங்கே பலருடைய உடம்பில் அது இருக்கிறது, பலர் அதைச் சொல்லவே தயங்குவார்கள். ஏன் கேட்கிறார்கள் என்று தாளே சொல்லிவிட வேண்டும்: ஸ்கானுக்காக மட்டும்.

முன்பக்கத்தில் இன்னும் இரண்டு வரி வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்வேன். ஒன்று நாட்டு வைத்தியம். அதைப் பற்றித் தாள் பேசாவிட்டாலும் வீட்டில் பேசத்தான் போகிறார்கள். மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய மார்பகப் புற்றுநோய் நோயாளிகள் இறக்கும் ஆபத்து ஐந்து மடங்குக்கும் மேல் என்று 2018இல் அமெரிக்கத் தரவில் வந்த ஆய்வை மரியாதையான வார்த்தையில் போடலாம். ஆஸ்பத்திரிச் சிகிச்சையோடு சேர்த்து எதையாவது எடுப்பதென்றால் டொக்டரிடம் சொல்லுங்கள் என்றும் போடலாம். மற்றது காலம். சிகிச்சை நான்கு வாரம் பிந்தினால் இறக்கும் ஆபத்து சிகிச்சையைப் பொறுத்து 6 முதல் 13 வீதம் வரை கூடுகிறது என்று 2020இல் ஒரு பெரிய மீளாய்வு காட்டியது. யோசிக்க ஒரு கிழமை எடுப்பதில் பிழை இல்லை. காலபோக அறுவடை முடியட்டும் என்று இரண்டு மாதம் தள்ளுவது வேறு.

தாளின் குறைகளும் எனக்குத் தெரியும். வாசிக்க ஏலாதவர்களுக்கு யாராவது வாசிக்க வேண்டும். நூறு புள்ளி வைத்து 14ஐக் கறுப்பாக்கிக் காட்டினால் வீதக் கணக்கு தெரியாதவர்களும் விளங்கிக்கொள்வார்கள். ஆனால் "அந்தப் பதினாலில நானோ?" என்ற கேள்விக்குத் தாளிடம் பதில் இல்லை, ஆளிடம்தான் இருக்கிறது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பார்த்தோம், ஒரு வழி தாளில் இருப்பதும் ஆஸ்பத்திரியில் இருப்பதும் ஒன்றில்லை. அதனால் "இங்கே இப்போது கிடைக்குமா, எங்கே, எத்தனை நாள், தங்க இடம்" என்ற கட்டங்களை அச்சிடாமல் வெறுமையாக விட்டு, டொக்டரோ தாதியோ பேனையால் நிரப்ப வேண்டும்.

நோயாளிக்கே சொல்லாமல் வைத்திருக்கிற வீடுகளில் இந்தத் தாள் சங்கடம் தரும். மகன் அதைக் கிழித்தும் போடலாம். இதற்கு எந்தக் கருவியிலும் மந்திரம் இல்லை. ஆனால் தாளைக் கொடுக்கிறபோது தாதி அம்மாவிடம் நேராக, "உங்கட வருத்தத்தைப் பற்றி எல்லாம் உங்களுக்குச் சொல்ல வேணுமோ, இல்லை மகனிட்டச் சொல்லட்டோ?" என்று கேட்கலாம். சிலர் "மகனிட்டச் சொல்லுங்கோ" என்பார்கள். அதுவும் அவவுடைய முடிவு, அதை மதிக்க வேண்டும். சிலர் "எனக்கே சொல்லு பிள்ளை" என்பார்கள். நான் பார்த்த அளவில், பிள்ளைகள் நினைப்பதைவிட அதிகம் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆகவே தாளும் கேள்வியும் முதலில், டொக்டர் சம்மதித்தால் ஒலிப்பதிவு உடனே கூட, தாதிகளுக்கான பயிற்சி அதே வருடத்தில். கணிப்பான் டொக்டரிடம். செயலிக்கென்று ஒதுக்கிய காசு இருந்தால், கதிருக்குப் போகிறவர்கள் தங்க ஒரு அறை வாடகைக்கு எடுப்பதற்கு அதைக் கேட்டுப் பாருங்கள். அந்த அறை இருந்தால் தாளில் உள்ள இரண்டு வழியும் உண்மையான வழியாகும், இல்லாவிட்டால் ஒன்று வெறும் எழுத்து.

தொடங்கும்போது இரண்டு தாள் போதும்: ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய், பரவிய நோயில் அடுத்த சுற்றுக் கீமோ. எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுக்காமல் முதலில் ஆட்களிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும், ஓ.எல். வரை படித்தவர்களிடமும் படிக்காதவர்களிடமும். கனடாவில் உருவான ஒரு நாலு கேள்விச் சோதனை இருக்கிறது: எது உங்களுக்கு நல்லது என்று நிச்சயமாக இருக்கிறீர்களா, ஒவ்வொரு வழியின் நன்மையும் ஆபத்தும் தெரியுமா, எது உங்களுக்கு அதிகம் முக்கியம் என்று தெளிவா, முடிவெடுக்கப் போதிய துணையும் ஆலோசனையும் இருக்கிறதா? தாளைப் பார்த்த பிறகு இந்த நாலில் எதற்கு "இல்லை" வருகிறதோ அந்தப் பகுதியைத் திருத்தி எழுத வேண்டும். நாலாவதற்குத்தான் நம் பெண்களிடம் அதிகம் "இல்லை" வரும் என்று நினைக்கிறேன். அதைத் தாதியின் பயிற்சியில் பார்க்க வேண்டும்.

தேவையான ஆட்கள் அதிகமில்லை. ஒரு சத்திரசிகிச்சை நிபுணர், ஒரு புற்றுநோய் நிபுணர், கிளினிக்கில் வேலை செய்கிற ஒரு தாதி, நோயைக் கடந்து வந்த இரண்டு மூன்று பெண்கள், ஊர்த் தமிழில் தெளிவாக எழுதக்கூடிய ஒருவர். தாளின் அடியில் திகதி இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதை எடுத்துப் பார்த்துத் திருத்துகிற பொறுப்பு ஒரு ஆளின் பெயரில் இருக்க வேண்டும், ஒரு குழுவின் பெயரில் இல்லை.